ஊசித் துளைகள் சொன்ன கதை

நண்பர்களே, இரண்டாம் வருஷ சர்வே பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பேட்ச் காம்பஸ் டிராவர்ஸ் முடித்தபோது, கோடு தொடங்கின புள்ளிக்கு வந்து சேரவே இல்லை. நான்தான் ஃபீல்டு புக்கில் இரண்டு ரீடிங்கை அழித்து எழுதி, 'சேர்த்து' வைத்தேன். கையெழுத்தும் கிடைத்துவிட்டது! அந்தக் குறுகுறுப்போடு இருந்த நாளில்தான் ஜப்பானின் இனோ தடடாகாவைப் பற்றிப் படித்தேன்.

1745இல் பிறந்தவர். 17 வயதில் சாவாரா ஊரில் அரிசி மது காய்ச்சும் இனோ குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். நொடித்திருந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தினார். 49 வயதில் பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு, 1795இல் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வானியல் படிக்கக் கிளம்பினார். குரு தகாஹாஷி யோஷிடோகி அவரைவிட 19 வயது சின்னவர். நாமோ அரியர்ஸ் எழுதவே வெட்கப்படுகிறோம்!

அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: பூமியில் ஒரு டிகிரி அட்சரேகைக்கு நீளம் எவ்வளவு? எடோவுக்குள்ளேயே அளந்து பார்த்தார். இந்தத் தூரம் பத்தாது என்றார் குரு. சரி என்று 1800இல், 55 வயதில், பெரும்பாலும் சொந்தச் செலவில், வடக்கே எசோ தீவு (இன்றைய ஹொக்கைடோ) வரை நடந்தார். அந்த முறை காலடியை எண்ணித்தான் அளவு. பிறகு கயிறும் இரும்புச் சங்கிலியும் வந்தன. கோலின் மேல் காம்பஸ் வைத்து, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பேரிங் எடுத்தார்கள். இரவில் நட்சத்திர உயரம் பார்த்து அட்சரேகையைச் சரிபார்த்தார்கள். கடைசியில் அவர் கண்ட விடை சுமார் 110.75 கி.மீ. இன்றைய கணக்கு ஏறக்குறைய 111!

1816 வரை பத்துப் பயணம். 1818இல் காலமானார். சாவை மறைத்து வைத்து வேலையைத் தொடர்ந்த சீடர்கள், 1821இல் படத்தை முடித்து ஒப்படைத்தார்கள். பெரிய அளவுப் படம் மட்டும் 214 தாள்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தாள்கள்தான். சிவப்புக் கோடு அவர்கள் நடந்த வழி. நட்சத்திரக் குறி, வானம் பார்த்த இடம். கோடு திரும்புகிற இடங்களில் உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாய் ஊசித் துளைகள். முதல் வரைவை நல்ல தாள்களின் மேல் வைத்து, அளந்த புள்ளி ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தி இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு துளையும் மழையிலோ மணலிலோ ஒருவர் கோல் பிடித்து நின்ற இடம். பின்னாளில் வெறுமனே பார்த்து எழுதின படிகளில் இந்தத் துளை இருக்காது.

அரசிடம் தந்த மூலப்படம் 1873 தீயில் போயிற்று. இனோ குடும்பத்துப் படி 1923 நிலநடுக்கத் தீயில் எரிந்தது. 2001இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பெரிய படத்தின் 200க்கும் மேற்பட்ட தாள்களின் படிகள் கிடைத்தன.

படத்தில் பிழையும் உண்டு. தீர்க்கரேகைக்குக் கிரகணங்களைப் பார்த்து முயன்றார், சரிவரவில்லை. அதனால் ஹொக்கைடோவும் கியூஷுவும் கிழக்கு மேற்காகக் கொஞ்சம் விலகியே நிற்கின்றன.

டோக்கியோவின் கென்குஜி கோயிலில், அவர் விரும்பியபடி, குருவின் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

போன வாரம் என் பழைய ஃபீல்டு புக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அழித்த இரண்டு இடத்திலும் தாள் மெலிந்து, பளிச்சென்று தெரிகிறது.

— சிவில், இறுதியாண்டு