மைக்கேல் பரடே: புத்தகம் கட்டிய சிறுவன்

மின்விளக்கை ஏற்றும்போதும் நிலக்கீழ் இரயிலில் ஏறும்போதும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பெரியார் ஒருவர், நாம் வாழும் இந்த இலண்டன் மாநகரிலேயே பிறந்து இங்கேயே உழைத்தவர். அவர் மைக்கேல் பரடே. அவருடைய விதியைப் படித்துப் பரீட்சை எழுதும் எம் மாணவச் செல்வங்கள், அவர் பாடசாலையிற் கற்றது வாசிப்பும் எழுத்தும் சிறிது கணக்கும் மாத்திரமே என்பதை அறிந்திருப்பார்களோ என்பது ஐயமே.

1791 செப்டெம்பர் 22ஆந் திகதி, தேம்ஸ் நதியின் தென்புறத்தே, நோயாளியான ஒரு கொல்லரின் மகனாகப் பரடே பிறந்தார். 1801இல் விலைவாசி ஏறிய காலத்தில் ஒரு கிழமைக்கு ஒரு பாண் என்ற அளவிலே அவருக்கு உணவு கிடைத்தது. பதின்மூன்று வயதில், புளொன்ட்போர்ட் வீதியிலிருந்த ஒரு புத்தகக் கடையில் பத்திரிகை கொண்டு திரியும் பையனாகச் சேர்ந்தார். கடைக்காரர் ரீபோ என்பவர் பிரான்சிலிருந்து புலம்பெயர்ந்தவர். மறு ஆண்டு, புத்தகம் கட்டும் தொழிலைப் பழக்க ஏழாண்டு ஒப்பந்தத்தில் பரடேயை ஏற்றபோது, வழக்கமாகப் பெறும் பயிற்சிப் பணத்தை அவர் வாங்கவில்லை. அகதி வாழ்வை அறிந்த நாம் இந்த ரீபோவின் பெயரையும் மறவாதிருத்தல் தகும்.

தைப்பதற்கும் மட்டை போடுவதற்கும் வந்த நூல்களைப் பரடே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செற் அம்மையார் எழுதிய இரசாயனவியல் உரையாடல் நூலும் அவரைக் கவர்ந்தன. படித்ததை அப்படியே நம்பிவிடாது, தம் சிறு பணத்திற் பொருள்கள் வாங்கித் தம் கையாற் செய்து பார்த்தார். அறிவை வளர்க்கும் வழிகளைப் பற்றி ஐசக் வாட்ஸ் பாதிரியார் எழுதிய நூலும் அவர் கைக்கு எட்டியது. அத்தகைய நூல்களைப் படிப்போர் பலர். படித்தபடி நடப்போர் சிலர். பரடே குறிப்புப் புத்தகம் வைத்தார். எழுத்து நடை திருந்தும் பொருட்டு நண்பர் அபொட்டுக்கு நீண்ட கடிதங்கள் வரைந்தார். மாலை விரிவுரைகளுக்கும் சென்றார். ஒன்றுக்கு ஒரு சிலிங். அதனைக் கொடுத்துதவியவர் அவருடைய தமையனார்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், றோயல் நிறுவனத்தில் சேர் ஹம்பிரி டேவி ஆற்றிய நான்கு விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். பரடே கேட்டவற்றை எழுதி, படங்களும் வரைந்து, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தாமே கட்டி டேவிக்கு அனுப்பினார். வேறு சான்றிதழ் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சில மாதங்களில், அங்கிருந்த உதவியாளர் கைகலப்பில் ஈடுபட்டு விலக்கப்பட்டார். 1813 மார்ச்சில் அவ்விடம் பரடேக்குக் கிடைத்தது. கிழமைக்கு 25 சிலிங் சம்பளமும், மேல்மாடியில் இரு அறைகளும் தரப்பட்டன.

1821இல், மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை அவர் காட்டியபோது, வொலஸ்ரன் என்ற மூத்த அறிஞரின் எண்ணத்தைக் கவர்ந்துவிட்டார் என்ற பழி எழுந்தது. நேர்மையையே செல்வமாகக் கொண்டவருக்கு அது பெருந்துன்பம். அவர் வொலஸ்ரனிடமே நேரிற் சென்று விளக்கினார். எனினும் 1824இல் றோயல் கழகத்திற்கு அவர் தெரிவானபோது, அவரை உயர்த்திவிட்ட டேவியே எதிர்த்தார். டேவியைப் பற்றிப் பரடே பின்னரும் நன்றியோடு பேசியமை எமக்கு அவருடைய கண்டுபிடிப்புகளிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

1831 ஆகஸ்ட் 29ஆந் திகதி, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றினூடே மின்னோட்டத்தைச் செலுத்தினார். மற்றச் சுருளில் மின்னோட்டம் உண்டாயின் காந்த ஊசி அசைய வேண்டும். மின் பாய்ந்துகொண்டிருக்கையில் ஊசி அசையவில்லை. இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டும் துடித்தது. வேறொருவர் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம். பரடே அந்தத் துடிப்பையே பற்றிக்கொண்டார். மாறுதலே மின்னைப் பிறப்பிக்கிறது என்று தெளிந்து, ஒக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியே மின்னோட்டத்தை உண்டாக்கினார். மின்பிறப்பாக்கிகள் யாவும் அவ்வழி வந்தவையே.

உயர்கணிதம் அவருக்கு வராது. ஆதலால் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வகுக்கும் கோலத்தைப் பார்த்து, விசைக்கோடுகள் என்ற எண்ணத்தை மனக்கண்ணால் வளர்த்தார். பின்னர் மக்ஸ்வெல் அதற்குக் கணித வடிவம் தந்தார். ஆய்வுக் குறிப்புகளுக்குப் பரடே இட்ட தொடரிலக்கம் 16,041 வரை சென்றது. தோல்விகளும் அவற்றுள் உண்டு. பிழைவிட்ட பக்கத்தைக் கிழித்தெறியும் எம் மாணவர் சிலருக்கு இதனை நாம் அடிக்கடி கூறுவதுண்டு. 1820களின் பிற்பாதியில் நல்ல வில்லைக் கண்ணாடி செய்ய முயன்று அவர் எண்ணிய பயன் பெறவில்லை. ஆனால் அக்காலத்துக் கனத்த கண்ணாடித் துண்டொன்றே, காந்தம் ஒளியையும் பாதிக்கும் என்பதை 1845இல் அவருக்குக் காட்டியது.

ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பை ஆய்வின் பொருட்டுக் கைவிட்டார். கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் பணியை மட்டும் ஆண்டுக்கு 200 பவுணுக்கு ஏற்றார். றோயல் கழகத் தலைவர் பதவி தேடி வந்தபோது மறுத்தார். சிறுவருக்கான நத்தார் விரிவுரைகளை மறுக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவற்றை அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரியைக் கொண்டே இரசாயனவியலை விளக்கினார். பேச்சு விரைந்தால், மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டையை உதவியாளர் முன்னே வைப்பார்.

1867 ஆகஸ்ட் 25ஆந் திகதி பரடே காலமானார். அல்பமாள் வீதியிலுள்ள றோயல் நிறுவனத்தில் அந்த இரும்பு வளையமும், அவர் கட்டி அனுப்பிய குறிப்பு நூலும் பேணப்படுகின்றன. கிறீன் பார்க் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். பெற்றோர் விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்களாக.