வாரம் ஒருநாள் மாத்திரை... அதுக்குப் பின்னால ஒரு மெட்ராஸ் மாணவர்!

ரத்தப் புற்றுநோய்க்கு பெரிய ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுத்துட்டு, ஒரு குழந்தை திருவெறும்பூர் பக்கம் தன் வீட்டுக்குத் திரும்புதுனு வெச்சுக்கோங்க. ஃபைலோட சில மாத்திரைகளும் வரும். அதுல ஒண்ணு, மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துல ஒரே ஒருநாள்தான் சாப்பிடணும். அந்த மாத்திரைக்குப் பின்னால இருக்கிறவர் யார் தெரியுமா? எல்லாபிரகட சுப்பாராவ்.

1895-ல ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பாவை இழந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரினு படிச்சதெல்லாம் நம்ம சென்னையில. காந்தி சொன்னார்னு ஆபரேஷனுக்கும் கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ் கிடைக்கல, அதைவிடக் குறைவான எல்.எம்.எஸ் பட்டம்தான் கொடுத்தாங்க.

'ஸ்ப்ரூ' எனும் குடல் நோய் அவருடைய சகோதரரின் உயிரைப் பறித்தது. அந்த வலியோடுதான் 1920-களில் அமெரிக்கா போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில கடைநிலை வேலை. உடம்புக்கு சக்தி கொடுக்கும் ஏ.டி.பி-யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அப்படியும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கல. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது; சகோதரருக்குத்தான் கிடைக்காமல் போனது. யானைக்கால் நோய்க்கு நாம சாப்பிடுற டி.இ.சி மாத்திரையும் அவர் குழுவின் கொடைதான்.

பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. அப்போ அதைத் தடுக்கிற மருந்து கொடுத்தா? சுப்பாராவ் குழு தந்த அமினோப்டெரின் அந்த வேலையைச் செய்தது. 1948-ல வெளியான ஆய்வில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்ஸேட்.

அதே ஆகஸ்ட்டில், 53 வயதில், நியூயார்க்கில் தனியாகத் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஊர்ல விட்டுவந்த மனைவியை மறுபடி பார்க்கவே இல்லை.

இப்போ திருவெறும்பூருக்கு வாங்க. அந்தக் குழந்தை சோர்வா இருக்குனு உங்க குடும்ப டாக்டர்கிட்ட சத்து டானிக் கேட்காதீங்க. அதுல ஃபோலிக் ஆசிட் இருக்கலாம், மருந்தோட மோதும். ஃபைலை முதல்ல காட்டுங்க. வார மாத்திரையைத் தவறி தினமும் கொடுத்தா உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ரத்தப் பரிசோதனை, காய்ச்சலை உடனே கவனிப்பது, பெரிய டாக்டருக்கு போன் போடுவது... இதெல்லாம் பக்கத்துத் தெரு டாக்டரால முடியும்.

அங்கே ஒருத்தர் கண்டுபிடிச்சதை, இங்கே ஒருத்தர் காப்பாத்தணும். அவ்வளவுதான்!