முப்பது வயதில் தமிழ் தொடங்கியவர்

குடுமியான்மலைச் சிகாநாதர் கோயிலை அடுத்த குன்றின் சரிவில், மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே, பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழாம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, உருத்திராசாரியாரின் மாணாக்கனாகிய மன்னன் ஒருவன் மாணவர் நலங்கருதிச் செய்தது என்று தன்னைப் பற்றியே கூறுகின்றது. சுரக்கோவைகள் ஏழு பிரிவுகளாக அமைய, வடமொழியை அடுத்துத் தமிழிலும் ஒரு சிறு தொடர் அங்கே காணப்படுகின்றது. கற்றவன் ஒருவன் தான் கற்றதைப் பின்வருவோர்க்குப் பாடமாக்கி வைத்த பாறை அது. அதே புதுக்கோட்டைச் சீமையில், வடபால் உள்ள ஆவூரிலும் பணிபுரிந்த ஒருவர், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், தமிழ் பயில்வோர்க்கு அத்தகைய செயலைச் செய்தார். வேற்று நாட்டவராக வந்து வீரமாமுனிவர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட கான்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி அவர்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்த பெஸ்கி, 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்திறங்கி, மறு ஆண்டே மதுரை மறைப்பணிக்கு உரியவரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. இலத்தீனும் பிற ஐரோப்பிய மொழிகளும் கற்றுத் தேர்ந்த ஒருவர், அந்த வயதில், மீண்டும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஊர் ஊராகச் செல்லும் பணி. சிறையும் உயிருக்கு இடையூறும் நேர்ந்த காலம். பயிற்சிக்கென ஓய்வான நாள்கள் அவருக்கு வாய்த்தில.

மறையுரை ஆற்றவும் மக்களோடு அளவளாவவும் பேச்சுத்தமிழ் போதுமானதாக இருந்தது. அதனோடு அமைந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆனால், வீதியில் கேட்ட தமிழும் ஏட்டில் இருந்த தமிழும் வேறு வேறாக இருப்பதை அவர் கண்டார். முன்னதைக் கொடுந்தமிழ் என்றும் பின்னதைச் செந்தமிழ் என்றும் பிரித்து, இரண்டையும் தனித்தனியே கற்கத் துணிந்தார். பழனிச் சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. இலக்கணமும் காப்பியமும் திருக்குறளும் அவர் பயின்றவற்றுள் அடங்கும்.

அன்றைய மாணவனுக்கு நூலைக் காட்டிலும் எழுத்தே முதல் தடையாக நின்றது. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளி இடாமல் எழுதுவது வழக்கம். மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கித் தெளிய வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. தாய்மொழியாளர் பழக்கத்தால் கடந்துவிடும் இவ்விடங்களில், புதிதாய் வந்தவர் ஒவ்வொரு சொல்லிலும் இடறுவார். பெஸ்கி தாம் இடறிய இடத்திலேயே படி அமைத்தார். நெடில் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறு வடிவும், உயிர்மெய்யில் நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பும் அவர் வகுத்தன. இன்று தமிழ்க் குழந்தை முதல் வகுப்பில் எழுதும் கொம்பு, வெளிநாட்டு மாணவர் ஒருவரின் இடர்ப்பாட்டில் பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சொற்பொருள் காண்பதிலும் இதே நிலைதான். நிகண்டுகள் செய்யுளாய் அமைந்தவை. திவாகரமோ பிங்கலமோ சூடாமணியோ, மனப்பாடமாய் இருந்தாலன்றி வேண்டிய சொல்லை வேண்டிய பொழுதில் எடுக்க இயலாது. இளமையிலேயே உருப்போட்டவர்க்கு அது செல்வம். முப்பது வயதில் வந்தவர்க்கு அது பூட்டிய பேழை. 1732இல் அவர் முடித்த சதுரகராதி அப்பேழையைத் திறந்து வைத்தது. சொல்லுக்குப் பொருள் தரும் பெயர் அகராதி, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தரும் பொருள் அகராதி, இருவினை, ஐம்பொறி போன்ற தொகைகளை விரிக்கும் தொகை அகராதி, எதுகைச் சொற்களை நிரல்படுத்தும் தொடை அகராதி என நான்கும் அகர வரிசையில் அமைந்தன. கவி பாடுவோர் தொடை அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். எதுகைக்கு அலைந்து திரிந்த ஒருவர் கைவேலை என்பது பக்கத்துக்குப் பக்கம் விளங்கும்.

இதற்கு முன்னரே, 1726 அளவில், தேம்பாவணி முற்றுப்பெற்றது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல். தமிழ் மண்ணில் கால்வைத்துப் பதினைந்து ஆண்டுக்குள் விருத்தப்பாவில் ஒரு பெருங்காப்பியம்! எனவே ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. ஆசிரியராகிய கவிராயரே அதனைப் பாடித் தந்தார் என்றொரு பேச்சு நெடுங்காலம் உலவியது. பிற மொழியாளர் செம்மையாய் எழுதினால், எழுதியவர் வேறொருவர் என ஐயுறுதல் உலக இயல்பு. ஆசிரியர் திருத்தியிருக்கலாம், திருத்தாத ஆசிரியர் எவர்? ஆயினும் அதற்கு உரைநடையில் விளக்கம் எழுதியவர், ஐந்திலக்கணத்தையும் தொன்னூல் விளக்கமாகச் செய்தவர், 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் படைத்தவர், அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் ஒருவரே. இத்தனைக்கும் இரவல் கை தேடுவது பொருந்தாது.

அவர்பால் குறையே இல்லை எனவும் கூறுவதற்கில்லை. தரங்கம்பாடி லுத்தரன் குருமாருடன் அவர் நிகழ்த்திய சமயப் போர் கடுமையானது. அவர்தம் தமிழையும் எள்ளி நகையாடினார். தாமும் ஒருநாள் எழுத்துக்கூட்டிப் படித்தவர் என்ற நினைவு அங்கே சற்று மங்கிவிட்டது எனலாம். ஆயினும் அவர் தம் சபையினர்க்காக இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சேற்றியது அதே தரங்கம்பாடி அச்சகந்தான். பகைமையைக் காட்டிலும் பாடநூலின் தேவை பெரிதாக இருந்தது.

சந்தா சாகிபைக் காண்பதற்காக மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. மக்கள் விரும்பிச் சொல்லும் கதை அது. அதனை நம்புவோர் 1711 முதல் 1732 வரையுள்ள இருபத்தோராண்டையும் உடன்வைத்துப் பார்த்தல் நன்று. தைரியநாதர் என முதலில் வழங்கிய பெயரில் வடசொல் இருப்பது கண்டு, அது வீரமாமுனிவர் எனத் தமிழாயிற்று என்பர். தாம் பூண்ட பெயரையும் திருத்தத்துக்கு உட்படுத்திய மாணவர் அவர்.

இலத்தீனில் கொடுந்தமிழ்க்கு ஒன்றும் செந்தமிழ்க்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்கள், தமிழ் - இலத்தீன் அகராதி, போர்த்துக்கீசியர்க்கு ஓர் அகராதி என அடுத்து வருவோர்க்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து வைத்தார். இறுதிக் காலத்தில் சேர நாட்டு அம்பலக்காட்டுக்குச் சென்று, 1747 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே மறைந்தார்.

அவர் கையெழுத்து ஏடுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. எல்லிஸ் துரையின் விருப்பத்தால் முத்துசாமிப் பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டினார். 1822இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து அதே ஆண்டில் வெளியிட்டார். 1812இல் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரி, கப்பலிறங்கிய கும்பினி இளைஞர்களைத் தமிழ் முதலிய தென்மொழிகள் பயிலச் செய்துகொண்டிருந்த காலம் அது. 1824இல் சதுரகராதியும் அச்சில் வந்தது. தேம்பாவணி 1850களில் புதுச்சேரியில் அச்சேறியது. அகராதி அதனை முந்திக்கொண்டது.