ஹெர்மன் முல்லர்-துர்காவ்

அறிஞர் சிலர் பெயர் நூல்களில் நிலைபெறும். சிலர் பெயர் கல்லில் நிலைபெறும். ஆண்டுதோறும் துளிர்த்துக் காய்க்கும் திராட்சைக் கொடியொன்றில் தம் பெயர் நிலைபெறக் கண்டவர் ஹெர்மன் முல்லர் என்னும் தாவரநூற் பேராசிரியர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1850-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் துர்காவ் மாநிலத்து டேகர்விலன் என்னும் ஊரிற் பிறந்தார். ஸூரிக் நகரிற் கல்வி பயின்று, பின்னர் ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் சென்று, பேர்பெற்ற தாவரநூலாசிரியர் யூலியஸ் ஸாக்ஸிடம் கற்று, 1874-இல் டாக்டர் பட்டம் பெற்றார். முல்லர் என்னும் பெயருடையோர் அந்நாடுகளில் மிகப் பலராதலின், பிறந்த மாநிலத்தின் பெயரையும் தம் பெயருடன் சேர்த்து வழங்கினார்.

1876-இல் ரைன் நதிக்கரையிலுள்ள கைசன்ஹைம் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். ஆங்கு உழவரை வருத்திய குறையொன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. ரீஸ்லிங் என்னும் திராட்சை மணத்திற் சிறந்தது. ஆயின் காலந்தாழ்த்துப் பழுப்பது. குளிர் முந்திய ஆண்டுகளில் அதன் பழம் புளிப்பு நீங்காது. சில்வானர் என்னும் வகையோ அதனினும் முந்திப் பழுப்பது. இவ்விரண்டின் நலமும் ஒரு கொடியில் அமையவேண்டுமென விழைந்த முல்லர், 1882-இல் மகரந்தக் கலப்புச் செய்து, விளைந்த விதைகளினின்று நாற்றுகளை வளர்த்தார்.

1891-இல் அவர் தாய்நாடு திரும்பி, ஸூரிக் ஏரிக்கரையிலுள்ள வேடென்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். நாற்றுகளிலிருந்து பெற்ற 150 செடிகளும் ஆங்கு அனுப்பப்பட்டன. ஹைன்ரிக் ஷெல்லன்பர்க் என்பவர் துணையுடன் அவற்றை ஆராய்ந்து, 58-ஆம் எண்ணுடையதைச் சிறந்ததெனத் தெரிந்தெடுத்தனர். 1913-இல் அவுகுஸ்ட் டெர்ன் என்பவர் அதனை ஜெர்மனிக்குக் கொணர்ந்து, முல்லர்-துர்காவ் எனப் பெயரிட்டார்.

முல்லரின் உழைப்பு இவ்வொன்றோடு அமையவில்லை. புளிக்கவிடாமல் திராட்சரசத்தையும் பழரசத்தையும் சூடேற்றிக் காக்கும் முறையை ஆராய்ந்து, 1896-இல் நூலொன்று வெளியிட்டார். மது விலக்கியோரும் திராட்சையின் பயனைப் பெற அது வழிகாட்டிற்று. 1927-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அவர் மறைந்தபின் அக்கொடி பெரிதும் பரவி, 1970-களில் ஜெர்மனியில் முதலிடம் பெற்றது. ஆயினும் அதன் குடிவழியைப் பற்றிய ஐயம் தீரவில்லை. முடிவில் மரபணுச் சோதனை உண்மையை விளக்கிற்று. பெற்றோருள் ஒன்று ரீஸ்லிங் என்பது மெய். மற்றொன்று சில்வானர் அன்று. முந்திப் பழுக்கும் மத்லேன் ருவாயால் என்னும் பிரெஞ்சுத் திராட்சையே அது என 2000-ஆம் ஆண்டில் தெளிந்தது.

இதனால் முல்லரின் புகழ் குன்றுமோ? குன்றாதென்பதே எம் துணிபு. முந்திப் பழுக்கும் கொடியை அவர் நாடினார், நாடியதைப் பெற்றார். திராட்சையை விதையாலன்றி, வெட்டிய தண்டாலேயே பெருக்குவராதலின், இன்று நிற்கும் கொடி ஒவ்வொன்றும் அவர் வளர்த்த அந்நாற்றின் கூறேயாம். ஏட்டிற் குறித்த பெயர் பிழைத்தது. அதைத் திருத்துதற்குரிய சான்றினை அவர் வளர்த்த கொடியே ஏறக்குறைய 120 ஆண்டுகள் தன்னுட் காத்து நின்றது.