கானகம் வளர்த்த காவலர்

தலைநகரில் வாழும் நம்மவர்க்கு ஓரிரவுப் பயணத் தொலைவில், இமயத்தின் அடிவாரத்தில் ஒரு பெருங்கானகம் உள்ளது. அதற்கு வழங்கும் பெயர் மன்னர் பெயரன்று, முனிவர் பெயருமன்று. புலிவேட்டையாடிய ஒருவரின் பெயர் அது. வேட்டைக்காரர் பெயர் விலங்குக் காப்பகத்திற்கு எவ்வாறு பொருந்தும் என ஐயுறுவோர் அவருடைய இளமையை அறிதல் வேண்டும்.

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். அயர்லாந்து வழிவந்த குடும்பம். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலைய அதிகாரி. மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். பெரிய குடும்பத்தைத் தாயார் அரிதின் முயன்று நடத்தினார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என அவர்கள் வாழ்ந்தனர்.

காலாதுங்கியில் வீட்டைக் கடந்தால் காடு. அதுவே சிறுவனின் உண்மையான பள்ளியாயிற்று. மிளாவும் முசுக்குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல்களின் பொருளை அவன் கற்றான். மண்ணிற் பதிந்த அடிச்சுவட்டை ஏட்டைப் போல் படித்தான். உண்டிவில்லிலிருந்து, பித்தளைக் கம்பியால் கட்டுண்ட பழந்துப்பாக்கிக்கு உயர்ந்தான்.

ஒரு நாள் காட்டுக்கோழிகளைக் குறிவைத்து ஒரு புதரை நெருங்கினான். புதர் அசைந்தது, மறுபுறத்தே ஒரு புலி வெளிப்பட்டது. திரும்பி நின்று சிறுவனை ஒரு கணம் நோக்கிற்று. பின் தன் வழியே மெல்ல நடந்து சென்றது. சிறு தீ மூட்டிக் காட்டில் தனியே உறங்கிய இரவுகளிலும் புலிகளின் முழக்கத்தைக் கேட்டான், தீங்கொன்றும் நேரவில்லை. தன்னை வருத்தாதவரைப் புலி வருத்தாது என்னும் தெளிவு அன்றே அவன் உள்ளத்தில் வேரூன்றியது.

வளர்ந்தபின் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேப் பணியாற்றினார். 436 உயிர்களைக் குடித்த சம்பாவத் பெண்புலியை 1907-இல் வீழ்த்தினார். அறிவித்த பரிசை நீக்கவேண்டும், ஏனைய வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கவேண்டும் என்பனவே அவர் விதித்த நிபந்தனைகள். மாண்ட புலியின் வாயை ஆராய்ந்தபோது, வலப்புறத்து மேற்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் சிதைந்திருக்கக் கண்டார். என்றோ ஒருவர் சுட்ட குண்டு செய்த கேடு அது. இயல்பான இரையைக் கொல்லும் ஆற்றலிழந்தே அது மனிதரை நாடிற்று. மக்கள் அஞ்சிய கொடுமைக்கு விதையிட்டவன் மனிதனே!

கார்பெட் குற்றமற்றவர் எனக் கூறுதல் முகமனாகும். ஆளைத் தீண்டாத புலிகளையும் அவர் விளையாட்டு வேட்டையில் சுட்டதுண்டு. 1930-இல் பொவால்கட்டின் மாபெரும் புலியை வீழ்த்தியதும் அவரே. ஆயினும், தம் இளமைக் காட்டில் புலிகள் அருகி வருவதைக் கண்டு அவர் மனம் நைந்தது. துப்பாக்கியினும் நிழற்படக் கருவியையே மிகுதியும் விரும்பலானார். பள்ளிப்பிள்ளைகளுக்குக் காட்டின் அருமையை எடுத்துரைத்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் ஹெய்லி பூங்கா என்னும் பெயரால் அமைந்ததில் அவர் முயற்சிக்கும் பங்குண்டு. 1944-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் உலகப் புகழ் பெற்றது.

1947-இல் தமக்கை மாகியுடன் கென்யா சென்ற அவர், 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் மறைந்தார். 1957-இல் அப்பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் 1973-இல் தொடங்கிவைக்கப்பெற்றதும் அங்கேயே.

ஒரு சிறுவனைப் புலி விட்டுச்சென்றது. அவன் முதிர்ந்து அதன் இனத்திற்காக வாதாடினான். அடுக்குமாடிகளில் வளரும் நம் சிறார்க்குப் பாடநூல் மட்டும் போதுமா? விடுமுறையில் ஒருமுறையேனும் அவர்களைக் காட்டின் விளிம்புக்கு அழைத்துச் செல்வோம். கண்ணால் கண்டு நேசித்ததையே மனிதன் கைகொடுத்துக் காப்பான்.