ஓரியின் புகழை அச்சேற்றியவர்

கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் கொடைச் சிறப்பைக் கவிஞர் உலகம் நன்கறியும். அச்சிறப்பினைப் பாடும் புறநானூற்றை ஏட்டுச் சுவடியினின்றும் மீட்டு அச்சேற்றியவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855–1942).

1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய் மாத ஊதியத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் சந்தித்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியின்பால் அவர் கருத்தைத் திருப்பினார். சைவ மடத்தில் பயின்ற ஐயர், சமணக் காப்பியத்தின் ஐயங்களைச் சமண அன்பர்களிடமே கேட்டுத் தெளிந்தார்.

பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தபின் அச்சுச் செலவு என்னும் மலை எதிர்நின்றது. எனினும் பதிப்புப் பொறுப்பைத் தாமே ஏற்றார். நூல் வெளிவருமுன்னரே தமிழன்பர்களை நாடி, வாங்குவோரின் கையொப்பங்களைத் திரட்டினார். கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், ஓரியைப் பாடும் புறநானூறு 1894-இலும் தொடர்ந்தன. புறநானூற்றுப் பதிப்பைக் காண இராமசாமி முதலியார் இல்லை. அவர் 1892-இலேயே மறைந்துவிட்டார்.

நூலை உருவாக்குவதோடு அமையாது, அதற்குரிய வாசகரையும் தேடிச் சென்றார் ஐயர். தம் கவிதைகளைத் தாமே வெளியிடும் இக்காலக் கவிஞர்க்கு அந்நெறி வழித்துணையாகும்.