தினமும் 3 மணி நேரத் தூக்கம் போதுமா? வள்ளலார் போட்ட கணக்கும் இதயம் கேட்கும் கணக்கும்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையைப் பற்றவைத்துவிட்டால், பாதியில் விட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது. சூடு ஏறி இறங்கும்வரை யாராவது விழித்திருக்கணும். பக்கத்தில் நெய்வேலியிலும் இரவு ஷிஃப்ட் உண்டு. அதே கடலூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் வடலூர். தூக்கத்தைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்று சொன்ன வள்ளலார் வாழ்ந்த ஊர். அவர் சொன்னதை இன்று நாம் அப்படியே ஃபாலோ பண்ணலாமா?

யார் இந்த வள்ளலார்?

ராமலிங்க அடிகளார் 1823 அக்டோபர் 5-ம் தேதி சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்தார். ராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதியின் 5-வது குழந்தை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன் சபாபதிதான் வளர்த்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. கந்தகோட்டம் முருகன் கோயிலில் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். திருமணம் நடந்தும் இல்லறத்தில் ஈடுபாடு வரவில்லை.

1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பி, வடலூர் பக்கத்திலுள்ள கருங்குழியில் தங்கினார். சுமார் 9 ஆண்டுகள் வேங்கட ரெட்டியார் வீடுதான் இருப்பிடம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாடல்கள் எழுதினார். அவர் விளக்கு தண்ணீரில் எரிந்தது என்ற கதை இந்த வீட்டைப் பற்றியதுதான்.

1865-ல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை, 1872-ல் சத்திய ஞான சபை. தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது வயது 50. அவர் ஒளியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

தூக்கத்துக்கு அவர் போட்ட கணக்கு

சாப்பாடு அரை, தூக்கம் அரைக்கால் என்பது அவர் சொன்ன அளவு. அரைக்கால் என்றால் 8-ல் ஒரு பங்கு. 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 3 மணி நேரம்! தினமும் 1 மணி நேரம் மட்டும் தூங்கிப் பழகியவர் 1,000 ஆண்டு வாழலாம் என்றும் சீடர்களிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

இதோடு, சூரியன் உதிக்கும் முன் எழணும், பகலில் தூங்கக் கூடாது, இடது பக்கமாகப் படுக்கணும், மனசில் பயமே இருக்கக் கூடாது என்றும் வகுத்தார்.

இதயம் என்ன கேட்கிறது?

நல்லா தூங்கும்போது ரத்த அழுத்தம் சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கிற தினசரி ஓய்வு அதுதான். தூக்கம் குறைந்தால் மன அழுத்த ஹார்மோன்கள் கூடும், பி.பி. எகிறும். நாள்பட இது தொடர்ந்தால் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகமாகும்.

அமெரிக்க இதய சங்கம் 2022-ல்தான் தூக்கத்தையும் இதய ஆரோக்கியத்தின் 8 அடிப்படைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு அது சொல்லும் அளவு 7 முதல் 9 மணி நேரம்.

அப்படின்னா வள்ளலார் சொன்னது தப்பா?

அவர் பேசியது ஒரு ஆன்மிகப் பயிற்சி முறையைப் பற்றி. உணவு, ஆசை, பயம் என எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கும் வாழ்க்கை அது. அதிலிருந்து தூக்கக் கணக்கை மட்டும் பிய்த்து எடுத்து, ராத்திரி 2 மணி வரை லேப்டாப், காலை 6 மணிக்கு கேப் என்று வாழ்பவர் தன் பழக்கத்துக்கு நியாயம் சொல்ல முடியாது. 3 மணி நேரத் தூக்கம் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமும் கிடையாது.

ஆனால் மற்ற சில விஷயங்கள் பொருந்துகின்றன. தினமும் ஒரே நேரத்தில் எழுவது உடல் கடிகாரத்துக்கு நல்லது. அளவாகச் சாப்பிட்டு, கவலையை இறக்கிவைத்தால் தூக்கம் சீக்கிரம் வரும். இடது பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கு அப்படிப் படுத்தால் மூச்சு வாங்கலாம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என்ன செய்யணும்?

பகலில் தூங்கக் கூடாது என்ற விதி, ராத்திரி முழுக்க சூளையோ சர்வரோ பார்த்துவிட்டு வருபவருக்குச் செல்லாது. அவர் பகலில் தூங்குவது சோம்பேறித்தனம் இல்லை, உடம்புக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். ஜன்னலுக்குத் தடித்த திரை, சைலன்ட்டில் போன், தினமும் ஒரே தூக்க நேரம் — இந்த மூன்றும் உதவும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் காபி, டீ வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் மிக்ஸி போடாமல் இருந்தாலே பெரிய உதவி.

சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுவது, 7 மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அப்படியே பி.பி.யையும் செக் பண்ணிவிடுங்கள்.